ரவிக்கைக்குள் முளைத்த கம்பு

இங்கே ஆனி, ஆடி மாதங்களில் துணியை வெயிலில் காயப் போடும் வழக்கமே கிடையாது. வெயில் இருந்தால்தானே. அடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு கட்டி, வீட்டில் இருக்கிற அத்தனை துணியையும் அதில் தொங்கவிட்டுப் புகையில்தான் காயவைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்திப் போகிற சேலையிலும் விறகுப் புகை வாசம் அடிக்கும். எல்லார் மேலும் அதே வாசம் அடிப்பதால் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. ஆலங்குளம் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பு வரும். அங்கே சேலையின் ஒரு முந்தியை விரித்து மறு முந்திக்கு வருவதற்குள் முதல் முந்தி காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும். நான் கல்யாணமாகி வண்டிப்பெரியாருக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. இந்தக் கயிறு எனக்கு எப்போதோ பழகிவிட்டது. ஆனால் போன மழைக்காலத்தில் அந்தக் கயிற்றில் ஒரு துண்டுக்கு அடியில் மறைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணிப்பையையும் தினமும் தொங்கவிட்டேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். பேர் எஸ்தர். என் வீட்டுக்காரர் தங்கராஜ் டவுன் கடைவீதியில் ஒரு தையல் மிஷின் போட்டிருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ஜெயா. நாங்கள் இருக்கிற லயத்து வீடு என் வேலைக்காகத் தோட்டத்தில் கொடுத்தது. ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசையாகப் பத்துக் குடும்பம் இருக்கிறோம். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் இடது மாரில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்ததை மட்டும் இந்தப் பத்துக் குடும்பத்துக்கும் தெரியாமல் மூன்று மாதம் வைத்திருந்தேன். தேயிலைக் கிளை குத்தி வந்த வீக்கம் என்று நானே முடிவு கட்டி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்னம்மா என்று ஒரு நர்ஸ் இருக்கிறார், கோட்டயம் பக்கத்துப் பாலா ஊர்க்காரி. நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். வேறு எதற்கோ ஊசி போட வந்தவர் என் முகம் சுருங்குவதைப் பார்த்து, தொட்டுப் பார்த்து, பத்து நிமிஷம் மலையாளத்தில் என்னைத் திட்டினார். பாதிதான் விளங்கியது; அந்தப் பாதியே போதுமாக இருந்தது. மறுநாள் தன்னுடைய லீவைப் போட்டுவிட்டு என்னையும் வீட்டுக்காரரையும் பஸ் ஏற்றி அவரே கோட்டயத்துக்குக் கூட்டிப் போனார். இடுக்கி என்று தனி ஜில்லா பிரித்துவிட்டார்கள்தான், ஆனால் பெரிய வியாதி வந்தால் நாங்கள் இறங்குவது இன்னும் கோட்டயத்துக்குத்தான். அங்கே இருந்த டாக்டர் வயசாளி. என் வீட்டுக்காரரையும் என்னையும் ஒன்றாக உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து, இது கான்சர், மாரை முழுசாக எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைக்கலாம் என்று காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. நம் ஊரில் யாரும் அந்த வியாதியின் பேரை வாயால் சொல்வதில்லை. கையை மேலே காட்டி, 'அந்த வியாதி' என்பார்கள். மாரையும் சொல்வதில்லை. இந்த மனுஷர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாரே என்று கோபம்தான் வந்தது. அன்றைக்கு அப்படிச் சொன்னதால்தான் அடுத்த வாரமே நான் ஆபரேஷனுக்குப் படுத்தேன் என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

கோட்டயத்தில் அறுத்தார்கள், பிறகு வியாதி மிச்சம் இருக்கக் கூடாதென்று திருவனந்தபுரத்தில் கரண்டு வைத்தார்கள். ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் நான் எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு ஜெபசிந்தை உள்ளவள் என்று எழுதியிருந்தார்கள். என்னுடைய நல்ல குணங்களை எல்லாம் அந்தக் கடிதங்களில்தான் நானே தெரிந்துகொண்டேன். போனவளைப் பற்றி எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார்கள். என் கூடப் பிறந்த கிரேஸ் அக்கா மட்டும் கடிதம் எழுதாமல் நேரில் வந்து இறங்கினாள், தலையில் ஒரு பானைக் கம்போடு. ஒரு மாதம் இருந்து எனக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். மழையைப் பார்த்துப் பயந்துபோய், மிச்சக் கம்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினாள்.

தோட்டத்து நியாயம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சிக் லீவு முடிந்து வந்தால் ஒரு மாதம் பார்ப்பார்கள். மற்றவர்களைப்போல் ஒரு முழு நிரையை, அதாவது செடி வரிசையை, பிடித்துக் கொழுந்து எடுக்க முடிந்தால் வேலைப் பதிவில் பேர் நிற்கும். முடியாவிட்டால் அந்தப் பேரை வீட்டில் இருக்கிற இன்னொருவருக்கு மாற்றித் தருவார்கள். வேலையும் போகாது, வீடும் போகாது. முத்தையா கங்காணி நல்ல மனுஷர், ஆறுதலுக்காகத்தான் சொன்னார்: "எஸ்தரு, நீ ஒண்ணும் மனச அலட்டிக்காத. முடியலன்னா மவளுக்கு மாத்திருவோம். தொரைட்ட நான் சொல்லிருதேன்." ஜெயாவுக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. ஒருநாள் காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது அவள் என் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, லயத்துக்கு முன்னால் காற்றில் கொழுந்து கிள்ளி முதுகுக்குப் பின்னால் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சும்மாம்மா" என்றாள். கூடையை அவள் தலையிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்தேன். கோட்டயத்தில் டாக்டர் சொன்னபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. இந்தக் கூடை என் மகள் தலைக்குப் போகக் கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

தீர்மானித்தால் கை தூக்க வேண்டுமே. இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்கு இரண்டு கையும் வேண்டும்; இரண்டு கையும் கிள்ளி, இரண்டு கையும் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடையில் போட வேண்டும். சிஸ்டர் தினம் சாயங்காலம் டூட்டி முடிந்து லயத்துக்கு வருவார். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, விரல்களைச் சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி மேலே ஏற்றச் சொல்வார். எட்டின இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவார். "கை பொக்கு எஸ்தரே. இன்னும் பொக்கு. வேதனிக்கும், வேதனிக்கட்டே." தூக்கு, வலித்தால் வலிக்கட்டும் என்று அர்த்தம். முந்தின நாள் கோட்டுக்குக் கீழே நின்றால் அவருக்குக் கோபம் வரும். சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கரிக்கோடு. இரண்டு மாதத்தில் என் தோள் மட்டத்திலிருந்து ஜன்னலின் மேல் சட்டம் வரைக்கும் கோடு ஏறியது. அந்த அம்மாவுக்கு இதற்கென்று ஒரு கூலியும் கிடையாது, அவர் என் சாதியும் அல்ல, என் சபையும் அல்ல. இந்த ஊர் என்னைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால், முதலில் இவரைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு சங்கடம் நடக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. சரிவில் நிற்கிற உடம்புக்கு இரண்டு பக்கமும் சமமாகக் கனம் வேண்டும். எனக்கு இடது பக்கம் காலி. பழகிப் பார்க்கக் கூடையில் நாலு கிலோ விறகை வைத்ததும் வலது பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போயிற்று. என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. இந்தத் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கை அளவு எடுத்தவர்; ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு மட்டும் அளவெடுக்கத் தயங்கிக்கொண்டே இருந்தார். ஒருநாள் டேப்பை எடுத்து வந்து, தழும்பின் மேலே அதை வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நிதானமாக அளந்தார். மறுநாள் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்த ரவிக்கை வந்தது. முதலில் அந்தப் பையில் இலவம்பஞ்சு வைத்துப் பார்த்தோம். கனம் இல்லாததால் அது ஏறி ஏறிக் கழுத்துக்கு வந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த அக்காவின் கம்புப் பானை என் கண்ணில் பட்டது. இரண்டு உழக்குக் கம்பை ஒரு துணிப்பையில் போட்டுத் தைத்து உள்ளே வைத்ததும், உடம்பு நேராக நின்றது. மறு பக்கம் எப்படித் தொங்குமோ அப்படியே தொங்கியது. வீட்டுக்காரர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் பேசின ஒரே வார்த்தை அதுதான்.

கம்பும் மார்புமாக நான் வேலைக்கு இறங்கினேன். என் பக்கத்து நிரை செல்லக்கனிக்கு. லயத்திலும் அடுத்த வீட்டுக்காரி, வாயைத் திறந்தால் மூட மாட்டாள். இடது கையால் கிள்ளி, வலது கைக்கு மாற்றி, வலது கையால் கூடையில் போட்டேன். ஒன்றுக்கு இரண்டு வேலை. ஆனால் மூன்றாம் நாளும் என் கூடை மற்றவர்கள் கூடைக்குச் சமமாக நிறுத்தது. எனக்கே சந்தேகம் வந்து சட்டென்று திரும்பிப் பார்த்தேன். செல்லக்கனி தன் கைக் கொழுந்தை என் கூடைக்குள் போட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிச்சை போடுகிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஏட்டி, நான் காச்சல்ல கெடந்தப்ப என் மவன் ஒரு மாசம் யாருட்ட குடிச்சான்? அந்த மாருதான போயிருக்கு? அதுக்கு நாலு கை கொழுந்து போட்டா நான் என்ன கொறஞ்சா போயிருவேன்" என்றாள். ஜெயாவும் அவள் மகனும் ஒரே சமயத்தில் கைக்குழந்தைகளாக இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. நான் அழுதேன். அழுதுகொண்டே, இனிமேல் போடக்கூடாது, ஜெயாவுக்காக நானே பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்றாள். அதற்குப் பிறகு போடவில்லை. ஆனால் கையை உயரத் தூக்க வேண்டிய மேட்டுப் பக்கம் என் வலது கைக்கு வருகிற நிரையாகப் பார்த்துப் பார்த்து எனக்கு விட்டுக்கொடுத்தாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது.

பிறகு மழை பிடித்தது. தலைக்குப் போட்ட பிளாஸ்டிக் சீட்டையும் மீறி ரவிக்கை நனையும். தினம் சாயங்காலம் அந்தக் கம்புப் பையை எடுத்து அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கவிட்டேன். ஊரில் நனைந்த தானியத்தைக் காயவைக்கிற ஞாபகத்தில் செய்தது. அங்கே அது காயும். இங்கே அடுப்பின் வெதுவெதுப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. நாலாம் நாள் நிரையில் நிற்கும்போது தழும்பில் என்னவோ ஊர்ந்தது. அட்டைதான் என்று நினைத்தேன். இந்த மலையில் அட்டைக்கு இடம் பொருள் கிடையாது. செல்லக்கனியைக் கூட்டிக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய்ப் பையை உருவினேன். தையல் இடுக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. இரண்டொரு இடத்தில் பச்சையாகக் குருத்தும் எட்டிப் பார்த்தது. செல்லக்கனி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏட்டி எஸ்தரு, அறுப்புக்கு ஆளு சொல்லவா?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அறுத்த இடம் சிரித்தால் வலிக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் நான் சிரித்திருக்கவில்லை. அன்றைக்கு மிச்ச வேளை முழுக்க அவளுடைய முக்காட்டுத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு கோணலாகவே கொழுந்து எடுத்தேன்.

வீட்டுக்குப் போய் முளைத்ததைக் கொட்டிவிட்டுப் புதுக் கம்பு அடைத்தேன். இதுவும் முளைக்குமே என்ற கவலை. மகளிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. பார்ப்பதற்குக் கொடுத்த மாதத்தில் பத்து நாள்தான் பாக்கி. கோணலாக நின்று கொழுந்து எடுத்தால் கங்காணி கண்ணில் படாமல் இருக்காது. மறுநாள் நான் குளிக்கப் போயிருந்தபோது சிஸ்டர் வந்திருக்கிறார். கயிற்றில் தொங்கிய பை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அவர்கள் ஊரில் வைத்தியர்கள் தானியத்தைத் துணியில் முடிந்து, சூடு பண்ணிக் கை காலுக்கு ஒற்றுவார்கள். கிழி என்று பேர். யாரோ நல்ல வைத்தியர் என் தோளுக்குக் கிழி கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, சட்டியை அடுப்பில் வைத்து, பையைப் புரட்டிப் புரட்டி நன்றாக வறுத்திருக்கிறார். நான் ஈரத் தலையோடு உள்ளே வந்தால் வீடெல்லாம் வறுத்த கம்பு வாசம். "இரிக்கு" என்று என்னை உட்காரவைத்து, சுடச்சுடத் தோளில் ஒற்ற ஆரம்பித்துவிட்டார். "நல்ல கிழி. யாரு தந்தது?" என்றார். கொஞ்ச நேரம் தோளைக் காட்டிக்கொண்டே இருந்தேன். ஒத்தடமும் சுகமாகத்தான் இருந்தது. கடைசியில் ரவிக்கையை எடுத்து உள்ளே இருந்த பையைக் காட்டினேன். சிஸ்டர் கையில் இருந்ததைப் பார்த்தார், ரவிக்கையைப் பார்த்தார். "என்றெ கர்த்தாவே, நான் இதினெ வறுத்தல்லோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வறுத்த தானியம் முளைக்காது என்பது, விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு உறைப்பதற்கு ஒரு பாலாக்காரி வேண்டியிருந்தது. அதன் மேல் செல்லக்கனி கொடுத்த பிளாஸ்டிக் துண்டையும் சுற்றித் தைத்தார் வீட்டுக்காரர். மழை முழுக்க அது நின்றது. கொஞ்சம் பசியைக் கிளப்புகிற வாசம் வந்தது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

மாதக் கடைசி நாளில் முத்தையா கங்காணி குடையைப் பிடித்துக்கொண்டு என் நிரைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் நிற்பது தெரிந்ததும் செல்லக்கனியின் வாய்கூட மூடிக்கொண்டது. நான் இடது கையால் கிள்ளினேன். வலது கைக்கு மாற்றாமல், அந்தக் கையையே தூக்கித் தோளுக்கு மேலாகப் போட்டேன். ஏன் அந்த நேரத்தில் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. தோள் கிழிகிற மாதிரி இருந்தது. கை மட்டும் போய்விட்டது. கொழுந்து கூடையில் விழவில்லை. கங்காணியின் நெஞ்சில் போய் விழுந்தது. நான் அசையாமல் நின்றேன். அவர் துண்டில் ஒட்டியிருந்த கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கூடைக்குள் போட்டார். "கை எட்டுது. குறிதான் பத்தல. அது வந்துரும். மவள பள்ளிக்கூடத்துக்கே அனுப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்குப் போனார். ஜெயா அந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினாள். இப்போது சிஸ்டர் சொல்லிக் கொடுத்து நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள்.

இந்த வருஷம் மூன்று நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். கடிதம் எழுதினவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். கொஞ்சம் ஏமாந்தும் போனார்கள் என்று எனக்குத் தோன்றியது. திரும்புகிற அன்றைக்குக் காலையில் அக்கா என்னைக் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்த இடத்தைக் காட்டினாள். "ஒனக்கும் சேத்துத்தான் சபை ஐயர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். எங்கயோ காட்டுல கெடக்காத. கடைசில இங்க வந்துரு" என்றாள். அதைச் சொல்வதற்காகத்தான் அவள் மூன்று நாளும் காத்திருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது அவளிடம் சொன்னேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள், வார்டு கூட்ட வந்த அம்மாவிடம், அறுத்ததை எங்கே கொண்டுபோனீர்கள் என்று நான் கேட்டேன். அந்த அம்மா கூட்டுவதை நிறுத்தாமலே, "குழிச்சிட்டு சேச்சி, பின்னால மாவின் சுவட்டில்" என்றாள். மாமரத்தடியில் புதைத்துவிட்டார்களாம்.

"கொஞ்சம் ஏற்கெனவே அந்த மண்ணுக்குப் போயாச்சுக்கா" என்றேன்.

அக்கா குனிந்து அம்மாவின் கல்லறை மேல் கிடந்த சருகுகளைத் தள்ளிவிட்டாள். பிறகு, "அப்ப மிச்சமாவது இங்க வரட்டும்" என்றாள்.

"மிச்சத்துக்குத் திங்கக்கெழம காலைல நெரை இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் இடது கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். பிடித்தால் வலிக்கிற கை அது. பஸ் புறப்படும்வரை நான் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.